மூக்குக் காவல்

எங்க கம்பெனி ரகசியத்தைத் தெரிஞ்சுக்கணும்னா ரொம்பச் சிரமப்பட வேண்டாம். பாக்கெட்டைத் திருப்பிப் பாத்தாப் போதும். மல்லி, மிளகா வத்தல், சோம்பு, மிளகு, கசகசா, பட்டை, கிராம்பு. சட்டம் போடச் சொல்லுது, போட்டிருக்கு. வெண்சாரல் சால்னாப் பொடின்னா தென்காசியில இருந்து செங்கோட்டை வரைக்கும் பரோட்டா போடுத எந்த ஆளுக்கும் தெரியும். சீசன்ல அருவியில குளிச்சுட்டு நடுங்கிக்கிட்டே வந்து உக்காருதவன் இலை நெறைய ஊத்திக்கிடுத சால்னாவுல பாதி எங்க மேலகரம் பொடியில வச்சதுதான்.

இதுல ரகசியம்னு ஒண்ணு உண்டும்னா அது ஒத்தை வார்த்தை. "எடு." அதைச் சொல்லுதவ ஞானபாக்கியம். நாங்க பாக்கியத்தக்கான்னு கூப்பிடுவோம். அம்பது வயசு. இருவது வருசமா வறுவல் கூடத்துல பெரிய இருப்புச் சட்டிக்குப் பக்கத்துல கண்ணை மூடிக்கிட்டு நிப்பா. ரெண்டு பேரு துடுப்பு வச்சுக் கிண்டுவாங்க. ஒண்ணும் பேச மாட்டா. திடீர்னு "எடு"ம்பா. அந்நேரம் எறக்கிரணும். அரை நிமிசம் முந்துனா பச்சை வாடை, அரை நிமிசம் பிந்துனா கருகல். அந்த மூக்குதான் கம்பெனி. மத்ததெல்லாம் தகரக் கூரையும் ஆயுத பூசைக்குச் சந்தனம் வச்ச மெசினும்.

நான் சுபாஷ், அங்கன ஆபீஸ் கிளார்க். சுற்றறிக்கை டைப் அடிக்கது என் சோலி. கீழ சொல்லப்போற அத்தனை அக்கிரமத்தையும் ஒரு எழுத்துப் பிழை இல்லாம அடிச்சுக் குடுத்த பாவி நான்தான். அதை முதல்லயே சொல்லிருதேன், பெறகு என்னைப் பத்தி நல்லவிதமா நெனச்சு ஏமாறாண்டாம்.

எங்க மொதலாளி மகாராஜா அண்ணாச்சி நல்ல மனுசன். நல்ல மனுசன்னா, கடைசியா யாரு பேசுனாகளோ அவுக பேச்சைக் கேக்குத மனுசன். மாசி மாசம் மதுரையில ஒரு ஓட்டல்ல 'தொழில் உளவிலிருந்து நிறுவனங்களைக் காத்தல்'னு ஒருநாள் முகாம் நடந்துச்சு. மத்தியானச் சாப்பாடு உண்டு, தோள்பை உண்டு, சான்றிதழ் உண்டு. போயிட்டு வந்தவருக்குத் தூக்கம் போச்சு. அதுவரைக்கும் கம்பெனிக்கு எதிரின்னு அவருக்குத் தெரிஞ்சது குடோன்ல இருக்க பெருச்சாளி மட்டுந்தான்.

அந்த நேரம் பாத்து ஒரு கல்யாண வீட்டுல துல்கர்னைன் பாய் வாயைக் குடுத்துட்டாரு. பாய்க்கும் தென்காசியில மசாலாக் கம்பெனி இருக்கு, எங்களுக்கு நேர் கிழக்க ரெண்டு கிலோமீட்டர். ஆரியங்காவு கணவாய் வழியா மேக்க இருந்து காத்து இறங்குனா எங்க கூரையைத் தொட்டுட்டு அவரு கம்பெனி முத்தத்துக்குத்தான் போகும். பக்கத்துல உக்காந்து சாப்பிட்டுக்கிட்டே கேட்டிருக்காரு: "அண்ணாச்சி, செவ்வாக்கெழமை ஒங்க மல்லி ஒரு பொட்டு கூட வறுபட்டுட்டு போலயே. பாக்கியத்துக்கு மேலுக்குச் சரியில்லையா?"

அக்கறையாக் கேட்ட கேள்வி அது. மொதலாளி பாதி எலையிலயே எந்திரிச்சுட்டாரு. கையைக் கழுவிட்டு நேரா காருக்கு வந்து, மதுரையில குடுத்த தோள்பையைத் தொறந்து, அதுல இருந்த நம்பருக்குப் போன் போட்டாரு.

அப்பிடி வந்து சேந்தவருதான் நல்லக்கண்ணு சார். பதவி, முதன்மை ரகசியக் காப்பு அதிகாரி. பட்டாளத்துல இருந்து ஓய்வு. எந்தப் பிரிவுல இருந்தீயன்னு கேட்டா, "சொல்லக் கூடாத பிரிவு"ம்பாரு. அவரு பழைய அடையாள அட்டையை ஒருநாள் ஜெராக்ஸ் எடுக்கக் குடுத்தாரு. கேன்டீன்ல சோப்புப் பெட்டி அடுக்குன பிரிவு. சரி, அதுவும் தேசத்துக்குச் செஞ்ச சோலிதானேன்னு நான் வாயைத் தொறக்கல. இன்னொண்ணும் சொல்லணும், மனுசனுக்கு மூக்குப்பொடிப் பழக்கம். சட்டைப் பையில சின்ன டப்பா எந்நேரமும் இருக்கும்.

மொத நாளே எல்லாரையும் முத்தத்துல நிக்க வச்சுப் பேசுனாரு. எங்கள மாதிரிப் பேச மாட்டாரு, மேடைத் தமிழ்தான்.

"ஊழியர்களே, உங்களில் ஒருவரையும் நான் சந்தேகப்படவில்லை. சந்தேகம் என்பது ஆதாரம் கிடைக்கும் வரைக்கும்தான். ஆதாரம் என்னிடம் ஏற்கெனவே இருக்கிறது. அது எந்தக் குற்றத்துக்கானது என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை."

மொதலாளி கை தட்டுனாரு. நாங்களும் தட்டுனோம்.

சுற்றறிக்கை ஒண்ணு: சரக்குக்குப் பேர் கிடையாது, நம்பர்தான். மல்லி 'பொருள் நாலு', வத்தல் 'பொருள் ஒண்ணு'. வாரா வாரம் திங்கக்கெழமை நம்பர் மாறும். பாக்கியத்தக்கா இருவது வருசப் பழக்கத்துல "ஏ பிள்ள, மல்லியக் கொண்டா"ன்னுட்டா. மெமோ. மறுவாரம் "பொருள் நாலைக் கொண்டா"ன்னா. நம்பர் மாறிட்டு, அதுக்கும் மெமோ. ஞாயித்துக்கெழமை தென்காசி மார்க்கெட்ல வீட்டுக் கொழம்புக்கு மல்லி கேட்டிருக்கா. அங்கன நின்ன எங்க வாட்ச்மேன் எழுதிக் குடுத்துட்டான். 'நிறுவனத்தின் மூலப்பொருளைப் பொது இடத்தில் உரக்க உச்சரித்தமை'ன்னு நான்தான் அடிச்சேன்.

"அப்ப நான் எப்பிடிய்யா சாமான் வேங்கது?"ன்னு என்கிட்ட கேட்டா.

"கையைக் காட்டி வேங்குங்கக்கா."

"எந்தக் கோட்டிக்காரன்லே இதெல்லாம் யோசிக்கான்?"

நான் சுத்திமுத்திப் பாத்துட்டு, "மெதுவாப் பேசுங்கக்கா"ன்னேன்.

பாக்கெட்டுக்குப் பின்னால அம்புட்டும் அச்சடிச்சிருக்கேன்னு நான் சாருகிட்ட எடுத்துச் சொன்னேன். அவரு அசரல. "பொதுமக்களுக்குத் தெரிவதில் ஆபத்து இல்லை தம்பி. அவர்கள் தின்றுவிட்டு மறந்துவிடுவார்கள். ஊழியர்களுக்குத் தெரியக் கூடாது" அப்பிடின்னாரு. மறுநாள்ல இருந்து பாக்கெட்டை முன்பக்கம் மேல இருக்கமாதிரி வச்சுத்தான் அடுக்கணும், திருப்பிப் பாத்தா மெமோ.

பெறகு ஒருநாள் அக்காவை விசாரணைக்குக் கூப்பிட்டாரு. குறிப்பெடுக்க நான் பக்கத்துல இருந்தேன்.

"எப்போது இறக்க வேண்டும் என்பதை எதை வைத்துச் சொல்கிறீர்கள்?"

"மணம் மாறும்லா சார், அப்ப சொல்லுவேன்."

"எந்த மணத்திலிருந்து எந்த மணத்துக்கு?"

அக்கா கண்ணை மூடி ஒரு தடவை மூக்கால இழுத்துப் பாத்தா. அவளுக்குச் சொல்லணும்னுதான் ஆசை. "அது சொல்ல வராது சார். மோந்தாத் தெரியும்."

'தகவலை வெளியிட மறுக்கிறார்' அப்பிடின்னு எழுதச் சொன்னாரு. எழுதுனேன். அன்னைக்குச் சாயங்காலம் மொதலாளி ரூம்ல நின்னு சார் பேசுன பேச்சு எனக்கு மனப்பாடம். "நிறுவனத்தின் ஒரே சொத்து ஒரு பெண்ணின் முகத்தில் இருக்கிறது. அது தினமும் மாலை ஐந்தரை மணிக்குக் கேட்டைத் தாண்டி வெளியே போகிறது. மேலகரம் முழுக்க நடக்கிறது. மூச்சு விடுகிறது. பூட்டு இல்லை, சீல் இல்லை, பதிவேடு இல்லை. நீங்கள் எப்படி ஐயா இத்தனை வருடம் தூங்கினீர்கள்?" மொதலாளிக்கு வேர்த்துட்டு.

பாக்கியத்தக்காவுக்கு அந்தச் சமயம் இந்தக் கவலை ஒண்ணும் பெருசாத் தெரியல. அவ மக அபிக்கு ஏழாம் மாசம், மொதப் பிள்ளை, வளைகாப்பு முடிஞ்சு தாய் வீட்டுக்கு வந்திருந்தா. மருமகன் குவைத்துல. அக்காவுக்குப் புருசன் இல்லை. அந்த வீட்டுல ஆத்தாளும் மகளும் மட்டும்தான். தினமும் மத்தியானம் சோத்துச் சட்டியத் தொறக்கும்போது அவளுக்கு அந்தப் பேச்சுதான்.

"எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம் சுபாசு. ஆம்பளையோ பொம்பளையோ, பிள்ள வெளிய வந்த ஒடனே மொதல்ல நான் வேங்கி உச்சி மோக்கணும். அபி பொறந்தப்ப மோந்தேன். இருவத்திமூணு வருசம் ஆச்சு, இன்னும் இங்கன நிக்கி பாத்துக்க." மூக்கைத் தொட்டுக் காட்டுவா. நானும் சிரிச்சுக்கிட்டே ஊறுகாய வேங்கித் திம்பேன்.

ஆனி பொறந்தது. சாரல் விழுந்துச்சு, காத்து கெளம்பிட்டு. சுற்றறிக்கை பதினொண்ணுல சார் உளவாளியைக் கண்டுபிடிச்சுட்டாரு. காத்துதான். மேற்கிலிருந்து கிழக்கே மணத்தைக் கடத்துது. வறுவல் கூடத்துச் சன்னல் ஆறையும் செங்கல் வச்சு அடைச்சாங்க. புகை போக்குத ஃபேனைக் கழட்டிட்டு அந்த ஓட்டையிலயும் சிமெண்டு பூசியாச்சு. கூரை இடுக்குக்குத் தார்ப்பாய். கதவுக்கு அடியில ஈரச் சாக்கு.

மூடுன ரூமுக்குள்ள வத்தல் வறுத்தா எப்பிடி இருக்கும்னு ஒங்க வீட்டு அடுப்பங்கரையில ஒரு கை வத்தலைப் போட்டுப் பாருங்க. இது நூத்தம்பது கிலோ. கிண்டுத பயலுக பத்து நிமிசத்துக்கு ஒருத்தரா மாறிக்கிட்டாங்க. மாத்த முடியாத ஆள் ஒருத்திதான். நனைச்ச துண்டைக் கெட்டிக்கிட்டா மணம் தெரியாது, அவுத்தா நெடி. அவுத்துட்டுத்தான் நின்னா. கண்ணும் மூக்கும் ஊத்தும், ஆனா "எடு" மட்டும் பிசகாது. ஒரு வாரம் கழிச்சு என்கிட்ட வந்து, "ராத்திரி மீன்கொழம்பு வச்சேன், மணக்கவே இல்லய்யா. சளி போல இருக்கு"ன்னா. அடைச்ச சன்னல்ல ஒத்தைச் செங்கலையாவது உருவச் சொல்லி சாருகிட்ட மனு எழுதிக் குடுத்தேன். 'செங்கல் ஒன்று அகற்றுதல் தொடர்பாக' அப்பிடின்னு ஃபைல் தொறந்தாரு. அந்த ஃபைல் இன்னும் இருக்கு.

சுற்றறிக்கை பன்னெண்டு குளியலைப் பத்தினது. உடம்புல ஒட்டுன மணமும் ஒரு தகவல்தானாம், அதனால வேலை முடிஞ்சா குளிக்காம வெளிய போகக் கூடாது. கம்பெனிக் குளியலறையிலும் குளிக்கக் கூடாது, ஏன்னா சாக்கடைத் தண்ணி கிழக்க போகுது. கம்பெனி வேன்ல ஏத்தி, காவலோட குற்றாலத்துக்குக் கொண்டு போயி, அருவியில நிப்பாட்டிக் கழுவிவிடணும்.

"சார், அருவித் தண்ணியும் சித்தாறா ஓடித் தென்காசிக்குத்தான் வருது. பாய் கம்பெனிக்குப் பின்னாலதான் போகுது"ன்னேன்.

என்னை இரக்கத்தோட பாத்தாரு. "அது பொதுநீர் தம்பி. அதில் கசிந்தால் பொறுப்பு அரசாங்கத்துடையது. நமது குழாயில் கசிந்தால் பொறுப்பு என்னுடையது. பாதுகாப்பு என்பது கசிவைத் தடுப்பது அல்ல. கசிவு யாருடையது என்று முடிவு செய்வது."

பேக்கிங் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்தான், சீசன்ல தினமும் ஓசி வேன், ஓசி அருவி. வெளியூருக்காரன் குடும்பத்தோட வரிசையில நிக்கும்போது எங்க வாட்ச்மேன் விசில் ஊதி வழி எடுத்துக் குடுப்பான். ஒரு வாரத்துல பேக்கிங் பிள்ளைகளுக்கு மட்டும் விலக்கு வந்துட்டு, கேட்ல சார் மோந்து பாத்து அனுப்பிருவாரு. மூக்குப்பொடி போடுத மனுசனுக்கு எங்க மணம் தெரியப்போவுது? வருகைப் பதிவேட்டைப் பாத்துத்தான் மோப்பாரு. பேக்கிங்னு இருந்தா மணம் இல்லை. வறுவல்னு இருந்தா மணம் உண்டு. துடுப்பு போடுத பயலுக தினக்கூலி, பதிவேட்டுலயே கிடையாது, அதனால அவனுக மேல மணமே கிடையாது. கடைசியில வேன்ல தினமும் போய்க் குளிச்சது பாக்கியத்தக்கா ஒருத்திதான்.

பதினாலாம் சுற்றறிக்கையையும் இங்கனயே சொல்லிருதேன், பின்னால வேணும். 'நிறுவனத்தில் பணிபுரியும் எவரும் எந்த ஒரு மணத்தையும், அது எப்பொருளின் மணமாயினும், நிறுவனத்தில் பணியில் இல்லாத எவரிடமும் சொல்லாலோ எழுத்தாலோ சைகையாலோ விவரிக்கக் கூடாது. மீறினால் தொழில் ரகசியத் திருட்டாகக் கருதப்பட்டு வழக்கும் பணிநீக்கமும்.' நான் அடிச்சது. மொதக் கையெழுத்தும் நான்தான் போட்டேன், மாதிரிக்கு.

ஆடி மொத வாரம் மலையில பேய்மழை. புதங்கெழமை சாயங்காலம் பேரருவியில தண்ணி பாதுகாப்பு ஆர்ச்சைத் தாண்டி விழுந்துச்சு. ஐந்தருவி, பழைய குற்றாலம், எங்கயும் குளிக்கத் தடை. வேன் போன வேகத்துல திரும்பி வந்துட்டு. பாக்கியத்தக்கா எறங்கி, பையை எடுத்துக்கிட்டு, எப்பவும் போல கேட்டைப் பாத்து நடந்தா. வாட்ச்மேன் மறிச்சான்.

நல்லக்கண்ணு சார் பன்னெண்டாம் சுற்றறிக்கையை வாசிச்சுக் காட்டுனாரு. "குளிக்காமல் வெளியேற முடியாது. குளியல் அருவியில்தான். அருவிக்குத் தடை. ஆகவே நீங்கள் இருக்கலாம்."

"எங்கன சார் இருக்க?"

"இங்கேயே."

"மக நெறமாசம் சார். நாள் நெருங்கிட்டு. வீட்டுல ஒத்தைக்கு இருக்கா."

"உங்களை யாரும் பிடித்து வைக்கவில்லை அம்மா. அருவியைத்தான் அரசாங்கம் பிடித்து வைத்திருக்கிறது. காலை வெளியே வைத்தால் திருட்டு வழக்கு, அவ்வளவுதான்."

அக்கா வழக்குன்னா பயப்படுத ஜாதி. கோர்ட்டு வாசலை மிதிக்காத குடும்பம்னு பெருமையாச் சொல்லிக்கிடுதவ. பையை எறக்கி வச்சுட்டு வறுவல் கூடத்துலயே சாக்கை விரிச்சு உக்காந்துட்டா. போன்? அதையும் ஒரு சுற்றறிக்கைப்படி தினமும் காலையில கேட்லயே வேங்கிப் பெட்டியில பூட்டிருவாங்க.

வியாழக்கெழமை காலையில ஒம்பது மணிக்கு ஆபீஸ் போன் அடிச்சுது. பக்கத்து வீட்டு ஆனந்தவள்ளி. "ஏய்யா, அபிக்கு வலி வந்துட்டு. ஆட்டோவுல பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன். அவ ஆத்தாள ஒடனே அனுப்பு. பிள்ள அம்மா அம்மான்னு கத்துதா."

ஓடுனேன். சார் பதறல. விலக்கு உண்டும்னாரு. அதுக்குப் படிவம் இருக்கு, நான் அடிச்ச படிவம்தான். 'குளியல் விலக்குக் கோரிக்கை.' மூணு பேர் கமிட்டி சேந்து முடிவெடுக்கணும். மொதலாளி, சார், ஊழியர் பிரதிநிதி. ஊழியர் பிரதிநிதி யாருன்னா ஞானபாக்கியம். தன் கோரிக்கையில தானே உக்காரக் கூடாது. அதனால புதுப் பிரதிநிதி வரணும், அதுக்குப் பதினஞ்சு நாள் அறிவிப்பு.

மொதலாளிக்குப் போன் போட்டேன். முழுசையும் கேட்டாரு. பெறகு, "பாவம்லே... பாக்கவே கஷ்டமா இருக்கு. சார் என்ன சொல்லுதாரோ அதும்படி செய்யி. நான் கஷ்டப்பட்டேன்னு மட்டும் அவருகிட்ட சொல்லிராத"ன்னுட்டு வச்சுட்டாரு.

அதுக்கு மேல நடந்ததுதான் கொடுமை. உள்ள இருக்கவ சும்மா இருந்தா அது 'வெளியேறக் காத்திருத்தல்'ல வரும், வேலை பாத்தா 'பணியில் தொடர்தல்'ல வரும்னு சார் கண்டுபிடிச்சாரு. பதிவேடு சுத்தமா இருக்கணும்னா அடுப்பு எரியணும். வியாழனும் வெள்ளியும் வத்தலும் மல்லியும் மாத்தி மாத்தி வறுத்தாங்க. பயலுக மாறுனானுக. இவ அங்கனயே தின்னு, அங்கனயே படுத்து, அந்தப் புகையையே குடிச்சா. ஆனந்தவள்ளி சோறு குடுத்துவிட்டா. சோறு உள்ள போகலாம், தூக்குச்சட்டி வெளிய வரக் கூடாது, அதுலயும் மணம் ஒட்டும்லா. கேட்டுக்குப் பக்கத்துல ஏழெட்டு தூக்குச்சட்டி சீல் வச்சு நின்னுச்சு.

வெள்ளிக்கெழமை மத்தியானம் தகவல் வந்துச்சு. தகவல் உள்ள வரலாம்னு விதி இருந்ததால ஓடிப்போயி ஈரச் சாக்குக்குப் பக்கத்துல குனிஞ்சு, கதவு இடுக்குல சொன்னேன்.

"எக்கா, பொம்பளப் பிள்ள. மூணு கிலோ. ரெண்டு உசுரும் நல்லா இருக்கு."

உள்ள சிரிச்சா. சிரிச்சதுல இருமல் வந்துட்டு, நிக்கவே இல்லை. நிறத்தைக் கேக்கல, யாரு ஜாடைன்னு கேக்கல. "யாரும் உச்சி மோந்தாகளாலே?"ன்னு கேட்டா.

"தெரியலக்கா."

"மோக்காண்டாம்னு சொல்லு. நான் வாரேன்னு சொல்லு."

சனிக்கெழமை காலையில தடை எடுத்தாங்க. வேன்ல என்னையும் வழித்துணை அலுவலரா சார் ஏத்திவிட்டாரு. ஆஸ்பத்திரி கிழக்க இருக்கு, நாங்க மேக்க போனோம். "மொதல்ல பிள்ளையப் பாத்துட்டு வந்து எம்புட்டு நேரம்னாலும் குளிக்கேன்யா"ன்னு கையெடுத்துக் கும்பிட்டா. டிரைவர் என்னைப் பாத்தான், நான் சன்னலைப் பாத்தேன். அருவியில இருவது நிமிசம் நிக்க வச்சு, வாட்ச்மேன் கடிகாரத்தைப் பாத்து விசில் ஊதினான். வெளிய வந்தா, ஒதடு நீலமா இருந்துச்சு.

ஈரத் தலையோட வார்டுக்குள்ள போனா. அபி அழுதுக்கிட்டே பிள்ளையை நீட்டுனா. "யாரையும் மோக்க விடலம்மா. ஒனக்குத்தான் வச்சிருக்கேன்." அக்கா பிள்ளையை வேங்கி, கண்ணை மூடி, உச்சியில மூக்கை வச்சா. இழுத்தா. கண்ணைத் தொறந்து பாத்தா. திரும்ப வச்சு இழுத்தா. மூணாவது தடவை ரொம்ப நேரம் வச்சிருந்தா. பெறகு பிள்ளையை அபிகிட்ட குடுத்துட்டு, "தல நனைஞ்சிருக்கு, பிள்ளைக்கு ஆகாது"ன்னு சேலை முந்தியால தலையத் தொடச்சுக்கிட்டே நின்னா.

திங்கக்கெழமை வறுவல். நூத்தம்பது கிலோ சட்டியில கெடக்கு. பயலுக கிண்டுதானுக. அக்கா கண்ணை மூடிக்கிட்டு நிக்கா. "எடு" வரல. பயலுக அவ மொகத்தைப் பாக்கானுக, வரல. பொகை கருத்துச்சு. ஒருத்தன் "எக்கா, எக்கா"ன்னான். அவ கண்ணைத் தொறந்து, சட்டியப் பாத்து, "கருகிட்டாய்யா?"ன்னு அவன்கிட்ட கேட்டா.

மொதலாளி தலையில கையை வச்சு உக்காந்துட்டாரு. நல்லக்கண்ணு சாரு மட்டும் ஒருநாள் பூரா ரூமைச் சாத்திக்கிட்டு யோசிச்சுட்டு, மறுநாள் மலந்த மொகத்தோட வெளிய வந்தாரு. ஆகஸ்ட் பதினஞ்சு கொடியேத்தத்துல பாக்கியத்தக்காவுக்குப் பொன்னாடையும் கேடயமும் குடுத்தாங்க. கேடயத்துல 'கசிவற்றவர்'னு எழுதியிருந்துச்சு. சார் மைக்கைப் பிடிச்சாரு.

"நான் பொறுப்பேற்றபோது நமது ரகசியம் ஒரே ஓர் இடத்தில் இருந்தது. இன்று அது எங்கும் இல்லை. இல்லாத ஒன்றை எந்த உளவாளியும் எடுக்க முடியாது. இந்தச் சாதனையை ஐந்தே மாதத்தில் முடித்திருக்கிறோம். பொடியின் ருசி குறைந்துவிட்டதாகச் சில பரோட்டாக் கடைக்காரர்கள் புகார் சொல்கிறார்கள். நான் அவர்களுக்குச் சொல்வேன்: ருசி இருந்தால்தானே திருடுவான்? நகலெடுக்க யாரும் விரும்பாத பொருளே உலகத்தில் பாதுகாப்பான பொருள்."

மொதலாளி கை தட்டுனாரு. இந்தத் தடவை நாங்க கொஞ்சம் பிந்தித்தான் தட்டுனோம். அக்கா கேடயத்தைத் திருப்பிப் பாத்தா, பழக்க தோசத்துல மோந்தும் பாத்தா.

அதோட விட்டிருக்கலாம். துல்கர்னைன் பாய் ஆள் விட்டுச் சொல்லியிருக்காரு: "பாக்கியத்தை நம்ம கம்பெனிக்கு வரச் சொல்லுங்க. மூக்கு இல்லாட்டா என்ன, சும்மா உக்காந்து பிள்ளைகளை மேய்க்கட்டும்." நல்ல மனுசன் இரக்கப்பட்டாலும் எங்க கம்பெனியில அது ஆதாரம்தான். மூக்கு போனதா நடிச்சு எதிரிகிட்ட போறாளோன்னு சாருக்கு வந்துட்டு. மூக்கு போயிட்டுன்னு ஆஸ்பத்திரியில எழுதிக் குடுத்த சீட்டு செல்லாது, டாக்டருக்குச் சால்னாவைப் பத்தி என்ன தெரியும்? 'ரகசிய இழப்புச் சான்றிதழ்'னு ஒண்ணு அடிக்கச் சொன்னாரு. அடிச்சேன். சான்றிதழைக் குடுத்துட்டு அன்னைக்கோட அக்காவை வேலையை விட்டு அனுப்பிரலாம்னும் முடிவு.

பிள்ளைக்கு முப்பது நாள் கழிஞ்ச அன்னைக்கு மேலகரத்துல அவ வீட்டுக்குப் போனோம். நான் ஏழு டப்பா இருந்த தாம்பாளத்தைத் தூக்கிட்டுப் போனேன். அக்கா வாசல்ல வந்து, "வாங்க சார், வா சுபாசு, காப்பி போடட்டா?"ன்னா. தொட்டில்ல பிள்ளை தூங்குச்சு. அபி கதவைப் பிடிச்சுக்கிட்டு எங்களைப் பாத்த பார்வையை நான் எழுதமாட்டேன்.

சார் டப்பாவை ஒண்ணொண்ணாத் தொறந்து அவ மூக்குக்குக் கீழ பிடிச்சாரு.

"பொருள் ஒன்று."

"தெரியல சார்."

"பொருள் இரண்டு."

"தெரியல சார்."

நாலாவது மல்லி. வறுத்து அன்னைக்கே பொடிச்சது, எனக்கே தொண்டை வரைக்கும் மணந்துச்சு. அக்கா கண்ணை மூடிக்கிட்டு ரொம்ப முயற்சி பண்ணுனா. "தெரியல சார்." நான் கட்டத்துல 'இல்லை'ன்னு டிக் போட்டேன். ஏழு டிக்.

"வாழ்த்துகள் அம்மா"ன்னாரு சார். "இன்று முதல் உங்களால் நிறுவனத்துக்கு எந்த ஆபத்தும் இல்லை. நீங்கள் எங்கு வேண்டுமானாலும் போகலாம், என்ன வேண்டுமானாலும் சமைக்கலாம். இந்த நிமிடத்திலிருந்து நீங்கள் நிறுவனத்துக்கு வெளியே." கையெழுத்து வேங்கிக்கிட்டு, அவரும் கையெழுத்துப் போட வாசல்பக்கம் வெளிச்சத்துக்குப் போனாரு.

நான் டப்பாவை மூடி அடுக்கினேன். அக்கா தொட்டில்ல இருந்து பிள்ளையைத் தூக்கிட்டு என்கிட்ட வந்தா.

"சுபாசு, ஒரு நிமிசம்யா. நீ மோந்து சொல்லு."

"என்னக்கா?"

"பிள்ளைய. அபிகிட்ட கேட்டேன், 'பால் வாடைம்மா'ங்கா, அவளுக்குச் சொல்லத் தெரியல. ஆனந்தவள்ளி பவுடர் மணம்ங்கா. நீ எழுதுத பய, ஒனக்குச் சொல்ல வரும். எப்பிடி இருக்குன்னு கொஞ்சம் வெவரமாச் சொல்லு, நான் நெனச்சுக்கிடுதேன்."

குனிஞ்சேன். உச்சியில மூக்கை வச்சேன். மணந்துச்சு. நல்லா மணந்துச்சு. எனக்குச் சொல்லவும் வந்துச்சு, வார்த்தையெல்லாம் வரிசையா வந்து நாக்குல நின்னுச்சு. நிமிந்து பாத்தேன். நல்லக்கண்ணு சார் பேனாவை மூடாம வாசல்ல நின்னு எங்களையே பாத்துக்கிட்டிருந்தாரு. அது எப்பொருளின் மணமாயினும். நிறுவனத்தில் பணியில் இல்லாத எவரிடமும். சொல்லாலோ எழுத்தாலோ சைகையாலோ. எனக்கும் வீட்டுல ரெண்டு பிள்ளை இருக்கு.

"எனக்கும் சளியாத்தான் இருக்குக்கா. ஒண்ணும் தெரியல"ன்னேன்.

"அட, முதல்லயே சொல்லக் கூடாதா?" பாக்கியத்தக்கா பிள்ளையை வெடுக்குனு நெஞ்சோட சேத்துக்கிட்டா. "தள்ளி நில்லுய்யா, பச்சப்பிள்ளைக்கு ஒட்டிக்கிரும்."